கத்திப்பிடியும் கைத்தொழிலும்

(கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரங்களைச் சேர்ந்த பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த பயிற்சி வகுப்பில் மரவேலை ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கத்திக்கும் அரிவாளுக்கும் போடுகிற மரப்பிடியை எவ்வாறு செப்பம் செய்து மெருகேற்றுவது என்பதே அது. ஏரி, கால்வாய், சாலை, பள்ளிக்கூடம் முதலிய பெரிய காரியங்களைக் கவனிக்க வேண்டிய பஞ்சாயத்தார் முன்னிலையில் கத்திப்பிடியைப் பற்றிப் பேசுவானேன் என்று தங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் ஊரிலுள்ள வீடு ஒவ்வொன்றிலும் நாள்தோறும் கையாளப்படும் பொருள் இது. இதில் நாம் காட்டும் அசட்டையினால் கைகால்கள் காயமடைகின்றன. நல்ல அலகுகள் வீணாகின்றன. நம் ஏரிகளில் மண்டிக் கிடக்கும் உறுதியான மரம் அடுப்பெரிக்கப் போய்விடுகிறது. ஆதலின் சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

வெட்டும் கருவிக்கும் நம் மாவட்டத்துக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. பூண்டிக்கு அருகே, கொசத்தலையாற்றுப் பகுதியில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் முதலில் பல்லாவரத்திலும், பின்னர் அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் ஆதி மனிதனின் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகளுள் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. பூண்டியிலுள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தில் இத்தகைய கற்கருவிகளைக் காணலாம். அந்தக் கற்கோடரிகளுக்குப் பிடி கிடையாது. கல்லையே உள்ளங்கையில் பற்றி மனிதன் வெட்டினான். வெட்டும் விளிம்பை உண்டாக்கக் கற்றுக்கொண்டு, நெடுங்காலம் கழித்தே அதற்கு ஒரு பிடியைப் பூட்ட அவன் கற்றுக்கொண்டான். அவ்வளவு அரிதாகக் கைவந்த கலையை நாம் இன்று எவ்வளவு எளிதாக எண்ணிவிடுகிறோம்!

என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். எனக்குப் பதினெட்டு வயதிருக்கும்போது கரும்பு வெட்டும் கூலி வேலைக்குப் போயிருந்தேன். என் கத்தியின் பிடி முதல் நாளே ஆடத் தொடங்கிவிட்டது. ஒரு கந்தைத் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் வெட்டினேன். நண்பகலில் ஓங்கிய கையில் பிடி மட்டும் நின்றது. அலகு பறந்து போய், அடுத்த வரிசையில் குனிந்திருந்தவரின் முழங்காலுக்குக் கீழே பாய்ந்தது. அந்த ஆலைப் பருவம் முழுவதும் அவர் வேலைக்குப் போக இயலவில்லை. அலகில் யாதொரு குற்றமும் இல்லை. ஈரம் காயாத மரத்தில் செய்த பிடி வெயிலில் சுருங்கிப் பிளந்திருந்தது. அதைக் கண்டும் காணாமல் இருந்தவன் நான். இந்த வேலையை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அதன் பின்னர்தான்.

மரத்தைத் தெரிந்தெடுத்தல்

பிடிக்கு ஏற்ற மரம் எது? கடினமாக இருக்க வேண்டும். அடி தாங்க வேண்டும். நீர் பட்டால் எளிதில் உப்பக்கூடாது. நம் முன்னோர் கருவேல மரத்தையும் புளிய மரத்தின் வைரத்தையும் இதற்காகப் போற்றினர். பூவரசும் வேம்பும் சிறு கத்திகளுக்கு உதவும். மாமரம் மென்மையானது, விரைவில் உளுத்துவிடும். சவுக்கும் தைல மரமும் காயும்போது பிளப்பும் முறுக்கும் காண்பவை. ஆதலின் பழக்கமில்லாதவர் அவற்றை எடுக்க வேண்டாம்.

இங்கே நான் சிறப்பாகக் குறிப்பிட விரும்புவது சீமைக்கருவேல மரம். நம் பக்கத்தில் இதனை வேலிகாத்தான் என்பார்கள். 1870களில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், கடப்பைப் பகுதியில் அக்காலத்திலேயே விதைக்கப்பட்டது. இன்று நம் ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் அது அடைத்துக் கொண்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். இதனை அகற்ற வேண்டுமென்பதே அரசாங்கத்தின் கொள்கை. அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களைப் பற்றிய தமிழக அரசின் கொள்கை 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. ஆனால் வெட்டிய மரம் எங்கே போகிறது? பெரும்பாலும் விறகுக்கும் கரிமூட்டத்துக்குமே போகிறது. அதன் வைரப்பகுதி மிகக் கடினமானது. மேலும், காயும்போது மற்ற பல மரங்களைக் காட்டிலும் குறைவாகவே சுருங்குவது. பிடி செய்பவனுக்கு இதனினும் மேலான குணம் வேண்டுவதில்லை. இவ்வினத்தைச் சேர்ந்த மரங்கள் தாயகமான அமெரிக்க நாடுகளில் தளப்பலகைக்கும் மேசை நாற்காலிக்கும் பயன்படுகின்றன.

ஒன்றை அழுத்தமாகச் சொல்லிவிடுகிறேன். பிடிக்கு உதவுகிறது என்பதற்காக வேலிகாத்தானை ஏரியில் விட்டுவைக்கலாகாது. புதிதாக நடவும் கூடாது. அது போக வேண்டிய மரந்தான். போகிற மரத்தில் நல்ல பகுதியை நாம் எடுத்துக்கொள்வோம் என்பதே என் கருத்து.

ஓரடி நீளமும் ஐந்து அங்குல விட்டமும் உள்ள நேரான கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதனை இரண்டாக அறுத்து, நடு மையத்தை நீக்கி, ஒவ்வொரு துண்டையும் நான்காகப் பிளந்தால் எட்டுப் பிடிகளுக்கு மரம் கிடைக்கும். அதே கட்டை ஈரத்தில் சுமார் 4 கிலோ எடை இருக்கும். 4 கிலோ விறகின் விலை என்ன, எட்டுப் பிடிகளின் விலை என்ன என்பதைத் தாங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அறுக்கும்போது மூன்று விதிகளை மறக்கலாகாது. முதலாவது, மரத்தின் இழை பிடியின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஓங்கி வெட்டும்போது முறியும். இரண்டாவது, மரத்தின் நடு மையம் பிடிக்குள் வரக்கூடாது. வெடிப்புகள் அங்கிருந்தே கிளம்புகின்றன. மூன்றாவது, பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியை நீக்கிவிட வேண்டும்; பூச்சி அரிப்பது அதைத்தான்.

உலர்த்துதல்

மரவேலையில் பாதி, காத்திருப்பது. வெட்டிய மரத்தில் நீர் நிறைந்திருக்கிறது. நூறு பங்கு உலர்ந்த மரத்துக்குச் சுமார் 12 பங்கு நீர் என்ற அளவுக்கு அது குறைந்த பிறகே கருவிப் பிடிக்கு எடுப்பது நல்லது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்குவதில்லை. குறுக்கு வாக்கிலேயே சுருங்குகிறது. ஆகவே ஈர மரத்தில் பூட்டிய அலகு, சித்திரை வெயிலில் பிடி சுருங்கியதும் தளர்ந்து ஆடுகிறது.

உலர்த்தும் முறை எளிது. துண்டுகளை வேண்டிய அளவைவிடக் கால் அங்குலம் பருமனாகவே அறுத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளிலும் உருக்கிய மெழுகையோ, மீந்துபோன பெயிண்டையோ தடவுங்கள். முனைகள் வழியே நீர் வேகமாக வெளியேறினால் அங்கே வெடிக்கும். பின்னர் நிழலில், தரையினின்று உயர்த்திய மேடைமீது, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே குச்சிகளை வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். வெயிலில் காயவைப்பது அவசரக்காரன் செய்யும் வேலை. அது மரத்தைப் பிளக்கும்.

காய்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவது? அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். மளிகைக் கடைத் தராசு போதும். ஒரு துண்டில் அடையாளமிட்டு, வாரம் ஒரு முறை நிறுத்து, எடையைக் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வாரந்தோறும் எடை குறைந்து வரும். குறைவது நின்று, தொடர்ந்து மூன்று வாரம் ஒரே எடை காட்டினால் மரம் தயார். மழைக்காலத்தில் எடை மீண்டும் ஏறினால் அஞ்ச வேண்டாம். காற்றின் ஈரத்தை அது வாங்கிக் கொள்கிறது. தை பிறந்து பனிக்காற்று ஓய்ந்ததும் தானே குறையும்.

பூட்டுதல்

அலகின் பின்னே பிடிக்குள் நுழையும் கூரிய பகுதியை இங்கே வால் என்று சொல்லுகிறேன். அலகு நல்ல எஃகாக இருக்கட்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் பல உள்ளன. அங்கிருந்து வரும் கட்டடக் கம்பி கத்திக்கு ஏற்றதன்று. அது பதம் ஏறாது. நம் கொல்லர்கள் பழைய லாரிகளின் வில்பட்டையை அடித்து அலகு செய்வது காரணத்தோடுதான்.

வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் நேரே செலுத்துவது பழைய வழக்கம். விரைவில் முடியுமாயினும், துளையைச் சுற்றிக் கரி படிந்து, நாளடைவில் அக்கரி உதிர்ந்து, பிடி ஆடத் தொடங்கும். முதலில் வாலைவிடச் சற்றுச் சிறிய துளையைத் துரப்பணத்தால் போட்டுக்கொண்டு, கரியைச் சுரண்டியெடுத்துவிட்டுப் பூட்டுவது மேல். இடைவெளியை நிரப்ப, அரக்கை உருக்கி நன்றாகச் சலித்த செங்கற்பொடியுடன் கலந்து ஊற்றுவது நம் நாட்டுத் தொன்மையான முறை. இது வயல் வேலைக் கத்திக்கு நன்று. ஆனால் அரக்கு வெந்நீரில் இளகும். சமையலறைக் கத்திக்கு இரு கலவையாக விற்கும் எபாக்ஸிப் பசையே தகுந்தது. அலகு நுழையும் வாயில் ஒரு பித்தளைப் பூணைப் போட்டால் பிடி அங்கே பிளவாது. கரும்புக் கத்தி போன்று ஓங்கி வெட்டும் கருவிகளுக்கு வாலைப் பிடியின் முழு நீளத்துக்கும் ஓடவிட்டு, பின்புறம் வெளிவந்த நுனியை மடக்கி அடித்துவிட வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அன்று என் கத்தியின் அலகு பறந்திராது.

பிடியின் வடிவம் முழு வட்டமாக இருத்தல் தகாது. முட்டை வடிவமாக, மேலுங்கீழும் நீண்டிருந்தால், கண்ணால் பாராமலே அலகின் கூர் எந்தப் பக்கம் என்பதைக் கை அறிந்துகொள்ளும். கடைக்கோடியில் சற்றுத் தடித்திருந்தால் வியர்த்த கையிலிருந்தும் நழுவாது. மீன் அரிபவரின் கை எந்நேரமும் ஈரமாகவே இருக்கும். பழவேற்காட்டுச் சகோதரிகள் இதனை நன்கறிவார்கள்.

வழவழப்பாக்குதல்

வேலையைத் தொடங்குமுன் அலகைத் தடித்த துணியாலோ பழைய சைக்கிள் டியூபாலோ சுற்றிக் கட்டிவிடுங்கள். பிடியைத் தேய்க்கும்போது கையறுத்துக் கொண்டவர்கள் பலர்.

முதலில் மர அரத்தால் வடிவத்தைக் கொண்டுவந்து, பிறகு மெல்லிய அரத்தால் அரத்தின் வடுக்களை நீக்குங்கள். அதன்பின் உப்புத்தாள். 80ஆம் எண்ணில் தொடங்கி, 120, 180, 240 என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒவ்வொரு தாளின் வேலையும் முந்தைய தாள் விட்ட கீறல்களை நீக்குவதுதான். இடையில் ஒன்றைத் தாவினால் ஆழ்ந்த கீறல்கள் அப்படியே நிற்கும். எண்ணெய் பட்டதும் அவை கறுத்துத் தோன்றி நம் சோம்பலை ஊருக்குச் சொல்லும். எப்போதும் இழையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். உப்புத்தாள் கிடைக்காத காலத்தில் பராய் மரத்தின் சொரசொரப்பான இலையால் மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகிட்டார்கள். உடைந்த கண்ணாடிச் சில்லின் விளிம்பால் மெல்லச் சுரண்டுவதும் உண்டு.

இனி, பலரும் விட்டுவிடும் ஒரு படி இருக்கிறது. தேய்த்து முடித்த பிடியை ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து நிழலில் காயவிடுங்கள். காய்ந்தபின் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருந்த பிடி மீண்டும் சொரசொரப்பாக இருக்கும். தேய்க்கும்போது அமுங்கிப் போயிருந்த நுண்ணிய நார்கள் நீர் பட்டதும் எழுந்து நிற்கின்றன. அவற்றை 240ஆம் எண் தாளால் இலேசாக நீவியெடுங்கள். மீண்டும் நனைத்து, உலர்த்தி, நீவுங்கள். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தபின் நார் எழாது. இதைச் செய்யாமல் விற்ற பிடி, வாங்கியவரின் வீட்டில் முதல் நாள் கழுவியதுமே முள்ளாகிவிடும். வாங்கியவர் மறுமுறை நம்மிடம் வரமாட்டார்.

எண்ணெயூட்டுதல்

மெருகு என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது கண்ணாடி போன்ற பளபளப்பு. நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன். ஒரு கண்காட்சிக்காகச் செய்த பிடிகளுக்கெல்லாம் வார்னிஷ் அடித்து மின்னச் செய்தேன். யாவும் விற்றுப் போயின. சில மாதங்களில் வாங்கியவர்கள் கொண்டுவந்து காட்டினார்கள்: பூச்சு வெடித்து, தோல் உரிவதுபோல் உரிந்து, அதனடியில் மரம் கறுத்திருந்தது. வார்னிஷ் மரத்தின் மேலே படலமாக நிற்பது. நாள்தோறும் நீரும் வியர்வையும் அழுத்தமும் படும் பிடியில் அப்படலம் வெடிக்கிறது. வெடிப்பு வழியே புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளே தங்குகிறது. அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பாலிஷும் நாற்காலிக்கு அழகு தரும். நீர் படும் கத்திக்குத் தாங்காது, வெளுத்துவிடும். போதாக்குறைக்கு, வார்னிஷ் பிடி வியர்த்த கையில் வழுக்கும்.

ஜப்பானிய சமையற்காரர்கள் பயன்படுத்தும் கத்திகள் பலவற்றில், மேற்பூச்சே இல்லாத மக்னோலியா மரப்பிடி இருப்பதைக் காணலாம். ஈரக்கையிலும் நழுவாதிருப்பதற்காக அப்படி வைக்கிறார்கள்; பிடி தேய்ந்தால் மாற்றிவிடுகிறார்கள். பளபளப்பைக் காட்டிலும் பற்றுதல் முக்கியம் என்பது அவர்கள் கண்ட உண்மை.

நம் பிடிகளுக்கு ஏற்றது எண்ணெய். ஆனால் எல்லா எண்ணெயும் உதவாது. எண்ணெய்களுள் காற்றுப் பட்டுக் கெட்டியாகிறவை சில. என்றும் பிசுபிசுப்பாகவே இருப்பவை சில. தேங்காயெண்ணெய், ஆமணக்கெண்ணெய், கடலையெண்ணெய் ஆகியவை காய்ந்து கெட்டியாகா. நல்லெண்ணெயும் போதிய அளவு காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, மரத்தின் நுண்துளைகளுக்குள்ளேயே கெட்டியாகிறது. அதுவே நமக்கு வேண்டியது. பெயிண்ட் கடைகளில் டபுள் பாயில்டு என்று விற்கும் ஆளிவிதை எண்ணெயில் விரைந்து காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். மண்வெட்டிக்கும் வயல் அரிவாளுக்கும் அது போதும். சமையலறைக் கத்திக்கு, உணவுக்கென விற்கும் கலப்பில்லாத ஆளிவிதை எண்ணெயையே வாங்குங்கள். காய்வதற்கு நாட்கள் கூடும், அவ்வளவே. முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைப் பிடிக்கு ஒருபோதும் தடவாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும்.

எண்ணெயைத் துணியில் தொட்டுத் தாராளமாகத் தடவுங்கள். கால் மணி நேரம் மரம் குடிக்கட்டும். பிறகு, உலர்ந்த துணியால் மிச்சம் மீதியின்றித் துடைத்துவிடுங்கள். இந்தத் துடைப்பே வேலையின் உயிர். துடையாமல் விட்ட எண்ணெய் பிசினாக ஒட்டிக்கொள்ளும். முந்தைய பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அடுத்ததைத் தடவுங்கள். நான்கைந்து முறை தடவிய பிறகு, கடைசியாகத் தேன்மெழுகு ஒரு பங்கும் எண்ணெய் நான்கு பங்கும் சேர்த்த கலவையைப் பூசித் துணியால் அழுத்தித் தேய்த்தால், கையில் ஒட்டாத இதமான மெருகு வரும். மெழுகை நேரே அடுப்பில் வைத்து உருக்கலாகாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள்.

இரண்டு அபாயங்கள்

இத்தொழிலில் இரண்டு அபாயங்கள் உண்டு. இரண்டையும் அறியாமல் எவரும் தொடங்க வேண்டாம்.

முதலாவது தீ. ஆளிவிதை எண்ணெய் கெட்டியாகும்போது வெப்பம் உண்டாகிறது. எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டால், வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, சில மணி நேரத்தில் நெருப்புப் பொறி எதுவும் இன்றியே அது தீப்பற்றும். இதைக் கேட்டுச் சிலர் நகைப்பதுண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1991ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்தது. தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர். தீ தொடங்கியது, மரச்சுவரை மெருகிட்டவர்கள் விட்டுச்சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிக் குவியலில். ஆதலின், வேலை முடிந்ததும் துணிகளைத் திறந்த வெளியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிறைந்த தகர டப்பாவில் அமிழ்த்தி மூடுங்கள். கூரை வீட்டில் வேலை செய்வோர் இதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டும்.

இரண்டாவது தூசி. மரத்தூள் நாளடைவில் மூக்கினுள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. ஒரு நாள் வேலையில் வருவதன்று. ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் வருவது. எனவே, தேய்க்கும் வேலையைத் திறந்த வெளியில், காற்று முதுகுப்புறமிருந்து வீசுமாறு அமர்ந்து செய்யுங்கள். நல்ல முகக்கவசம் அணியுங்கள். முந்தானையால் மூக்கை மூடுவது போதாது. தூளைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுங்கள். குழந்தைகளை அருகில் விளையாட விடாதீர்கள்.

பஞ்சாயத்து செய்யக்கூடியது

இவற்றையெல்லாம் தனியொருவர் செய்வது அரிது; சிலர் கூடினால் எளிது. நம் கிராமங்களிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆண்களும் பெண்களும் வேலைக்குச் செல்கிறார்கள். அவ்வாறு செல்ல இயலாதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், முதியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வேலை பொருந்தும்.

முதலாவதாக, ஏரியில் மரம் அகற்ற ஏலம் விடும்போது, வைரம் பாய்ந்த நேரான கட்டைகளில் ஒரு பகுதியை ஊர்த் தொழிலுக்கென ஒதுக்கும் நிபந்தனையைச் சேர்க்க இயலுமா என்று முன்கூட்டியே அலுவலர்களைக் கலந்துகொள்ளுங்கள். ஏரி எந்தத் துறையின் பொறுப்பில் உள்ளதோ அத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி ஒரு கிளையும் வெட்டலாகாது.

இரண்டாவதாக, மரம் அடுக்கி உலர்த்த நிழலான ஒரு கொட்டகைக்கு இடம் கொடுங்கள். பெரிய முதலீடு இதற்குத் தேவையில்லை. ஒரு ரம்பம், இரண்டு அரம், ஒரு பிடிப்புக் கட்டை, துரப்பணம், தராசு இருந்தால் தொடங்கலாம். கைத்தொழிலாளருக்கு மானியத்துடன் கடன் வழங்க 2025ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் போன்றவை குறித்து மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரியுங்கள். விதிகள் அவ்வப்போது மாறுபவையாதலால், செவிவழிச் செய்தியை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

மூன்றாவதாக, புதுக் கத்தி செய்து விற்பதில் தொடங்காதீர்கள். பழைய கத்திக்குப் பிடி மாற்றித் தருவதில் தொடங்குங்கள். நல்ல அலகு இருந்தும் பிடி போனதால் பரணில் கிடக்கும் கத்தியும் அரிவாளும் வீடுதோறும் உண்டு. திருவாலங்காட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவர்களின் கத்திகள் இருக்கின்றன. பழவேற்காட்டில் மீன் அரியும் கத்திகள் இருக்கின்றன. சாலையோரத்தில் இளநீர் சீவும் அரிவாள்கள் இருக்கின்றன. இவர்களே முதல் வாடிக்கைக்காரர்கள். வாரச் சந்தையில் ஒரு பாய் விரித்து உட்கார்ந்தால் போதும். கை பழகி, பெயர் பரவிய பின்னர், கொல்லரோடு கூட்டுச் சேர்ந்து புதுக் கத்தி செய்யலாம். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரிகிறது. ஊரின் பெயர் கருவியில் ஏறுவது ஒரே நாளில் நிகழ்வதன்று. ஒவ்வொன்றும் கெடாமல் உழைத்ததனால் நிகழ்வது.

நான்காவதாக, கணக்கு. எத்தனை பிடி செய்தோம், எத்தனை மரம் வெடித்து வீணாயிற்று, தாளுக்கும் எண்ணெய்க்கும் என்ன செலவு, எவர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதை நாள்தோறும் எழுதுங்கள். இத்தொழில் ஒரு குடும்பத்தை முழுதும் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. பிளாஸ்டிக் பிடிக் கத்தி மலிவாகக் கிடைக்கும் காலம் இது. ஆனால், வயல் வேலை இல்லாத மாதங்களில் கைச்செலவுக்கு உதவும் வருமானம் இதில் உண்டா இல்லையா என்பதை ஓராண்டுக் கணக்கு உண்மையாகக் காட்டிவிடும். உண்டெனில் தொடருங்கள், இல்லையெனில், தங்கள் ஊர்க் கத்திகளாவது உறுதியாக இருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது

இறுதியாக, தொழில் தொடங்காதவர்களுக்கும் ஒரு சொல். கத்தியை நீரில் ஊறப்போடாதீர்கள், கழுவியவுடன் துடைத்துவையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். பிடி ஆடினால் துணி சுற்றாதீர்கள், அன்றே மாற்றுங்கள்.

ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று நாம் கருவிகளைக் கழுவிச் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். அதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு பிடியையும் அசைத்துப் பார்த்து, இலேசாகத் தேய்த்து, ஒரு முறை எண்ணெயூட்டிவிடுங்கள். அடுத்து வரும் சம்பா அறுவடைக்கும் கரும்பு வெட்டுக்கும் கருவிகள் ஆயத்தமாகிவிடும். பூசை செய்யும் கருவி நம்மைக் காக்க வேண்டுமானால், நாம் முதலில் அதனைக் காக்க வேண்டும்.

இங்கே மேசைமீது எட்டுப் பிடிகள் வைத்திருக்கிறேன். ஏரிக்கரையில் விறகுக்கென அடுக்கியிருந்த ஒரே கட்டையிலிருந்து எடுத்தவை. கூட்டம் முடிந்ததும் ஒவ்வொருவரும் கையில் எடுத்துப் பாருங்கள். ஆடுகிறதா, முள் இருக்கிறதா என்று சோதியுங்கள். குறை கண்டால் தயங்காமல் கூறுங்கள்.